பழைய ட்ரை ரீஸ்லிங் குடித்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

மைன்ஸ், ஜெர்மனி

ரீஸ்லிங் என்கிற வெள்ளைத் திராட்சையில் செய்யும் ஒயினில், இனிப்பு வகை பல பத்தாண்டுகள் தாங்கும் என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். ட்ரை, அதாவது இனிப்பில்லாதது, என்று வந்தால் மட்டும் "மூணு நாலு வருஷத்துல குடிச்சு முடிச்சிடு" என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

போன மாதம் நாஹே பகுதியின் 2010 குரோஸஸ் கெவெக்ஸ் ஒன்றைத் திறந்தோம். பெயர்பெற்ற தோட்டங்களிலிருந்து மட்டும் வரும் உயர்தர ட்ரை ஒயின் அது. 2010இல் இங்கே புளிப்பு எகிறிப்போய், பல தயாரிப்பாளர்கள் அமிலத்தைக் குறைத்த பிறகுதான் பாட்டிலில் அடைத்தார்கள். இளசாக இருந்தபோது பல் கூசும். இப்போதும் புளிப்பு எங்கேயும் போய்விடவில்லை, ஆனால் அதன் மேல் சதை போட்டிருக்கிறது. உலர்ந்த ஆப்ரிகாட், லேசாகத் தேன்மெழுகு, விழுங்கிய பிறகு நாக்கோரத்தில் உப்புக் கரிப்பு. மறுநாள் மிச்சத்தைக் குடித்தபோது இன்னும் நன்றாக இருந்தது. அடியில் படிந்திருந்த வெள்ளைப் படிகங்களைப் பார்த்து, கண்ணாடித் தூளோ என்று மனைவி பயந்துவிட்டாள். டார்டாரிக் அமிலத்தின் உப்புதான், ஒன்றும் செய்யாது.

இதற்கு நேர் எதிர் 2003. ஐரோப்பாவே வெயிலில் வெந்த ஆண்டு. அமிலம் போதாமல், வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ள அந்த வருடம் விசேஷ அனுமதி கொடுத்தார்கள். அந்த ஆண்டின் ட்ரை ரீஸ்லிங்குகளில் நான் குடித்தவை பத்து வயதிலேயே தளர்ந்து கிடந்தன. ஆக, சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்பதைவிட அமிலம்தான் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி. உங்கள் அனுபவம் என்ன?

அடிலெய்ட், ஆஸ்திரேலியா

உங்கள் கட்சியில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே மூடியையும் சேருங்கள்.

எங்கள் ஊரிலிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குள் கிளேர் பள்ளத்தாக்கு. பகலில் வெயில், ராத்திரியில் குளிர். அங்கே ரீஸ்லிங் என்றாலே அநேகமாக ட்ரைதான், ஓக் பீப்பாய் வாசனையே இருக்காது. 1970களிலேயே ஆஸ்திரேலியாவில் திருகு மூடியை முயன்று பார்த்தார்கள். மலிவுச் சரக்கு என்று ஜனங்கள் ஒதுக்கியதால் கைவிட்டார்கள். பிறகு 2000 அறுவடைக்கு கிளேர் தயாரிப்பாளர்கள் பலர் ஒன்றாகச் சேர்ந்து மறுபடியும் திருகு மூடிக்கு மாறினார்கள்.

அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஆன பாட்டில்கள் ஒரு நண்பர் வீட்டில் இருந்தன. கார்க் போட்ட 1990களின் பாட்டில்களில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு ஒன்றுபோல் இருக்கவில்லை. ஒன்று அருமை, இன்னொன்று வெட்டி வைத்த ஆப்பிள் மாதிரி பழுப்பேறி, வாசனை செத்துப்போய் இருந்தது. திருகு மூடி போட்ட 2002 வேறு கதை. இங்கே குளிர்ச்சியான கோடை வந்த ஆண்டு அது. இருபது வயதுக்குப் பக்கத்தில் திறந்தோம். நிறத்தில் இன்னும் பச்சைச் சாயல். எலுமிச்சை மார்மலேட், வெண்ணெய் தடவிய டோஸ்ட் வாசம். பீப்பாயையே பார்க்காத ஒயினுக்கு டோஸ்ட் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் வாதாடிக்கொண்டே இருந்தார். எல்லாம் பாட்டிலுக்குள் நடந்த வேலை.

ஒரு எச்சரிக்கை. மூன்று வயதிலிருந்து ஆறு ஏழு வயது வரை பல பாட்டில்கள் ஊமையாகிவிடும். பழ வாசனை போயிருக்கும், தேன் இன்னும் வந்திருக்காது, புளிப்பு மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கும். அந்தச் சமயத்தில் திறந்தவர்கள்தான் ட்ரை ரீஸ்லிங் நிற்காது என்று தீர்ப்பு எழுதுகிறார்கள்.

டொரான்டோ, கனடா

எல்லோரும் தேன், டோஸ்ட் என்கிறீர்கள். எனக்கு வந்தது மண்ணெண்ணெய். நிஜமாகவே மண்ணெண்ணெய். பத்து வருட ஆஸ்திரேலிய ரீஸ்லிங், விலையும் குறைச்சல் இல்லை. கூட இருந்தவர்கள் ஆஹா என்றார்கள், நான் பியருக்குப் போய்விட்டேன். இளசாகவே குடித்துக்கொள்கிறேன், ஆளை விடுங்கள்.

அடிலெய்ட், ஆஸ்திரேலியா

அதற்குக் காரணம் டிடிஎன் என்கிற சேர்மம். திராட்சையில் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள் சிதைந்து அதற்கு மூலப்பொருள் உண்டாகிறது. கொத்து மேல் வெயில் எவ்வளவு படுகிறதோ அவ்வளவு அதிகம். பிறகு ஒயினின் அமிலமே பாட்டிலுக்குள் மெதுவாக அதை வெளியே கொண்டுவரும். கார்க் அதில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ளும், திருகு மூடி உறிஞ்சாது. அதனால் எங்கள் ஊர்ச் சரக்கில் தூக்கலாகத்தான் இருக்கும். எனக்கு அது அளவோடு இருந்தால் பிடிக்கும், அதையே மேன்மைக்கு அடையாளம் என்று சொல்ல மாட்டேன். குளிர்ப் பிரதேசச் சரக்கை ஒரு தடவை பாருங்கள்.

ஸ்ட்ராஸ்பூர், பிரான்ஸ்

டொரான்டோ தம்பி, அல்சாஸ் பக்கம் வந்து பாரும். உனாவீர் கிராமத்தில் ரொசாக்கர் தோட்டத்துக்குள்ளே க்ளோ சேன்ட் யூன் என்று ஒரு சின்னத் துண்டு நிலம், திராம்பாக் குடும்பத்துடையது. சுண்ணாம்பு மண். 1919 முதல் தனிப் பெயரில் போடுகினம். பாட்டிலில் அடைத்த கையோடு விற்கிறதில்லை, சில வருடம் தாங்களே வைத்திருந்துதான் வெளியில் விடுவினம். ஒரு கலியாண வீட்டில் பதினைந்து வயதானது ஒன்று கிடைத்தது. மண்ணெண்ணெய் வாடை மருந்துக்குத்தான் இருந்தது. முதலில் கல்லை நக்கினது மாதிரி இறுக்கம், ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் விரிந்தது. நல்லாய்க் குளிர வைத்துப் பரிமாறினதும் ஒரு காரணம். 12 பாகைக்குக் கிட்ட வந்த பிறகுதான் வாசமே எழும்பினது.

விலை கட்டாது என்றால் அல்சாஸில் வேறு எத்தனையோ இருக்கு. ஆனால் பழைய பாட்டில் வாங்கும்போது கவனம். இனிப்பு எவ்வளவு என்று லேபலில் போடுகிறது 2021 அறுவடையிலிருந்துதான் கட்டாயம். அதற்கு முந்தினதென்றால் ஆல்ககால் வீதத்தைப் பாரும். 12.5க்கு மேலே என்றால் பெரும்பாலும் ட்ரைதான், ஆனாலும் கடைக்காரரிடம் ஒருக்கால் கேட்டு வாங்கும்.