காட்பாடி பக்கம் கழனியில் பறவைப் படம் எடுக்க எது சரியான நேரம்?

லத்தேரி ரோடு:
வணக்கம். காட்பாடியில் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம் கிடைக்கும். 70-300 லென்ஸை வைத்துக்கொண்டு லத்தேரி, திருவலம் பக்கம் நெல் வயல்களில் சுற்றுகிறேன். பச்சைப்பசேல் என்று இருக்கும் வயலில் ஒரு பறவையும் இருப்பதில்லை. பக்கத்திலேயே சேறும் தண்ணீருமாகக் கிடக்கும் இடத்தில் கூட்டமாகக் கொக்கு நிற்கும், வண்டியை நிறுத்தி இறங்கினால் மொத்தமும் எழுந்து போய்விடும். கிடைத்த படங்களிலும் இறகு தெரியாமல் வெறும் வெள்ளை. பேசாமல் காவேரிப்பாக்கம் ஏரிக்கே போய்விடலாமா? பெரிய லென்ஸ் வாங்கச் சொல்லாதீர்கள், வீட்டில் ஏற்கெனவே பேச்சு.

ஆரணி நெல்லுக்காரன்:
தம்பி, கேமரா எனக்குத் தெரியாது, கழனி தெரியும். மாதத்தைக் கேட்காதே, கழனியில் என்ன வேலை நடக்கிறது என்று கேள். சேடை ஓட்டும், அதாவது நடவுக்கு முன் தண்ணீர் கட்டிச் சேறாக உழும் அன்றுதான் கொக்குக்கு விருந்து. டிராக்டர் கேஜ் வீல் சேற்றைப் புரட்டப் புரட்ட பிள்ளைப்பூச்சி, மண்புழு, தவளை, நண்டு எல்லாம் மேலே வரும், உண்ணிக்கொக்கு சக்கரத்துக்குப் பின்னாலேயே நடக்கும். டிராக்டருக்கு அது பயப்படாது, உனக்குத்தான் பயப்படும். ஓட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவர் திரும்பும் முனையில் போய் உட்கார்ந்துகொள். நட்டுப் பயிர் தூர் கட்டி மூடிக்கொண்டதும் கொக்குக்கு அங்கே வேலை இல்லை, உள்ளே கானாங்கோழி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கதிர் பால் பிடித்தால் சில்லைக் கூட்டம் வந்து இறங்கும், அதைப் படம் எடுக்க நீ ஆசைப்படுவாய், நாங்கள் தகரம் தட்டி விரட்டுவோம், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

நம் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல்லுக்கு மூன்று பட்டம், அதாவது மூன்று பருவம். அதில் நவரைக்குச் சேடை ஓட்டுவது மார்கழி, தை. அந்தச் சமயத்தில் வெளியூர்ப் பறவைகளும் வந்திருக்கும் என்று இங்கே படம் எடுக்க வருகிற பிள்ளைகள் சொல்வார்கள்.

பாலாற்று மணல்:
ஐயா சொன்னதுதான் விஷயம். அக்டோபருக்கு மேல் மார்ச் வரை பொரி உள்ளான், மஞ்சள் வாலாட்டி, சேற்றுப் பூனைப்பருந்து எல்லாம் வடக்கிலிருந்து வந்து நம் வயல்களில் இருக்கும். அதனால் நவரைச் சேடையில் உள்ளூர்க் கொக்கும் வலசை வந்த உள்ளானும் ஒரே சேற்றில் கிடைக்கும், மற்ற பட்டங்களில் இந்தச் சேர்க்கை இவ்வளவு அமையாது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் அதே நாட்களில்தான், பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்டு இணையதளத்தில் பட்டியல் போட்டுப் பழகலாம்.

வெள்ளை வெந்து போவதற்குக் காரணம் சேறு. ஃபிரேம் முழுக்கக் கருப்புச் சேறு இருந்தால் கேமரா மொத்தத்தையும் இருட்டு என்று எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும், நடுவில் நிற்கும் கொக்கு காலி. கேமரா எடுக்கும் வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1 வரை இறக்கிப் பாருங்கள், RAW கோப்பாக எடுங்கள். கரண்ட் கம்பியில் வானத்தை முதுகில் வைத்து உட்கார்ந்திருக்கும் கரிச்சானுக்கு நேர் எதிர், பிளஸில் போக வேண்டும். பறப்பதற்கு ஷட்டர் வேகம் 1/1600க்குக் குறையாமல், ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி வரப்பைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊர் வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் கானல் அலையடிக்க ஆரம்பித்துவிடும், அப்புறம் எந்த லென்ஸ் போட்டாலும் தூரத்துப் பறவை கூர்மையாக வராது.

மடையானை விட்டுவிடாதீர்கள். வரப்போடு வரப்பாகப் பழுப்பாக நிற்கும், மிக அருகில் போகும் வரை அசையாது, எழும்பும்போதுதான் வெள்ளை இறக்கை தெரியும். 300க்கு ஏற்ற பறவை அது.

பச்சை வரப்பு:
தயவுசெய்து காமோஃபிளாஜ் உடை போட்டுக்கொண்டு போகாதீர்கள். பறவை ஏமாறுகிறதோ இல்லையோ, ஊர்க்காரர்கள் வேட்டைக்கு வந்தவன் என்று நினைப்பார்கள். சாதாரணமாக மங்கலான சட்டை போதும். அண்டை வெட்டிப் புதிதாகச் சேறு பூசிய வரப்பில் கால் வைக்காதீர்கள், அதைப் பூசியவரின் அரை நாள் உழைப்பு உங்கள் ஒரு செருப்படியில் போய்விடும். நாற்றங்கால் பக்கமே வேண்டாம். மருந்து அடித்த கழனியிலும் குப்புறப் படுக்காதீர்கள்.

கிணற்று மேல் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டை எடுப்பதாக இருந்தால் தூரத்திலிருந்து எடுங்கள், மறைக்கிறது என்று கிளையை ஒடிக்க வேண்டாம். இடத்தையும் இங்கே போட வேண்டாம். யாராவது கண்ணியோ வலையோ வைத்திருப்பதைப் பார்த்தால் நீங்களே சண்டைக்குப் போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

லத்தேரி ரோடு:
எல்லோருக்கும் நன்றி. காமோஃபிளாஜ் தொப்பி ஆர்டர் போட்டிருந்தேன், ரத்து செய்துவிட்டேன். காவேரிப்பாக்கம் பற்றி யாரும் சொல்லவில்லையே? அப்புறம் அறுவடை முடிந்த வயலில் ஏதாவது இருக்குமா?

பாலாற்று மணல்:
மழை முடிந்து ஏரி நிறைந்திருக்கும்போது பறவை எல்லாம் நடுவில், 300க்குப் புள்ளியாகத்தான் தெரியும். ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம், மதகுத் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு வயல்களுக்குப் போங்கள். அங்கே நத்தைகுத்தி நாரை நிற்கும். அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரிந்தால் பெரிய பறவை, சந்து இல்லாவிட்டால் குஞ்சாக இருந்து இப்போதுதான் வளர்ந்தது. அறுத்த தாளடியில் பூனைப்பருந்து இரண்டு ஆள் உயரத்தில் தாழப் பறந்து எலி தேடும். துரத்தாதீர்கள், போன வழியிலேயே பெரும்பாலும் திரும்பி வரும்.

ஆரணி நெல்லுக்காரன்:
அறுவடை மிஷின் ஓடும்போதும் வா தம்பி. கிளம்பும் பூச்சியைப் பிடிக்கக் கரிச்சானும் தகைவிலானும் சுற்றிச் சுற்றி வரும். தூசிக்கு கேமராவைத் துணியில் சுற்றிக்கொள்.