தாத்தாவின் ரோல்

பெரியம்மா: பாட்டி பீரோவில் கிடைத்த அந்தக் கழுவாத பிலிம் ரோல் எங்கேடா? போன வாரம் ஒரு கடையில் "இதெல்லாம் வராதும்மா, தூக்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டார்களே.

நான்: தூக்கிப் போடவில்லை பெரியம்மா. நேற்று ஐஸ் ஹவுஸ் ஸ்டுடியோ பெரியவரிடம் கொண்டுபோனேன்.

சின்ன மாமா: அவர் இன்னும் கடை வைத்திருக்கிறாரா! என் ஹால் டிக்கெட் போட்டோ அவர் எடுத்ததுதான். தாடையைப் பிடித்துத் திருப்புவார்.

நான்: அவரேதான் மாமா. பாஸ்போர்ட் போட்டோ கேட்டு வந்தவரை எதிர்க்கடைக்கு அனுப்பிவிட்டு ரோலைக் கையில் வாங்கினார். காகித ஒட்டு பிரியாமல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தார். "இந்து பிராண்டு பிலிம், நம்ம ஊட்டியில செஞ்சது. 120 சைஸ். தாத்தா கிளிக் 3 வச்சிருந்தாரா? அப்படின்னா 12 படம்" என்றார். கேமராவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை!

பெரியம்மா: ஆமாம்டா, அப்பாவிடம் ஆக்ஃபா கிளிக் 3தான் இருந்தது.

அண்ணன்: இத்தனை வருடம் கழித்துப் படம் வருமா?

நான்: வெளிச்சம் பட்ட தடம் வெள்ளி உப்பில் இருக்கும், நாளாக ஆக மங்கும், புகை படிந்த மாதிரி சாம்பல் ஏறும் என்றார். படத்தை வெளியே கொண்டுவரும் டெவலப்பர் கரைசல் 20 டிகிரியில் இருக்கணுமாம். நம் ஊர் டேங்க் தண்ணீர் 30-ஐத் தாண்டும். ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வாளியில் கொட்டி, அதற்குள் டெவலப்பர் பாட்டிலை நிறுத்தினார். தூசி அடங்க பாத்ரூமில் ஷவரைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டார். அப்புறம் டார்க் ரூம் கதவைச் சாத்திக்கொண்டார். சிவப்பு விளக்கு பிரிண்ட் போடத்தான், பிலிமுக்குக் கும்மிருட்டு வேண்டும்.

பெரியம்மா: சரி, வந்ததா இல்லையா?

நான்: ஏழு வந்திருக்கிறது! அந்த பாத்ரூமில்தான் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார். காயும்வரை கிட்டேயே விடவில்லை. ஒன்றில் மொட்டை மாடி, ஒரு சின்னப் பெண், இரட்டைப் பின்னல், கையில் அப்பளத் தட்டு. நெகட்டிவ் என்பதால் முகம் கறுப்பு, முடி வெள்ளை. நீங்களா, அம்மாவா?

பெரியம்மா: நான்தான். உங்கம்மா அப்போது பிறக்கவே இல்லை. அன்றைக்குப் பின்னலில் கனகாம்பரம்.

சின்ன மாமா: அக்கா 😭 டேய், அவருக்கு எவ்வளவு காசு கொடுத்தாய்?

நான்: ஐஸ் வாங்கிய காசைக்கூட வாங்க மறுத்துவிட்டார் மாமா. "படத்துல இருக்கிறவங்களையே சனிக்கிழமை கூட்டிட்டு வாப்பா, அவங்க முன்னாடி பிரிண்ட் போடணும்" என்றார்.

பெரியம்மா: வருகிறேன். கடைப் படி உயரமாடா? முட்டி வலி.

நான்: இரண்டே படிதான் பெரியம்மா. நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.