புதுப்பிப்பு: டூம் வரைபடத் தரவுத்தளத்தின் வடிகட்டி சரிசெய்யப்பட்டது

டூம் என்ற கணினி விளையாட்டின் ரசிகர்கள் உருவாக்கிய வரைபடங்களின் (விளையாடும் களங்களின்) தரவுத்தளத்தில், ‘எந்த விளையாட்டுக்கு’ என்ற புலம் பழைய பதிவுகளில் காலியாக இருப்பதால் வடிகட்டியதும் அவை மறைந்துவிடுகின்றன, இதை நிர்வாகிகளிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

புலத்தைக் கட்டாயமாக்கும் யோசனை எடுபடவில்லை. 1990களில் பதிவேற்றியவர்களை இனி எங்கே போய்த் தேடுவது என்று நிர்வாகிகள் கேட்டது நியாயம்தான். கைகொடுத்தது, வரைபடக் கோப்பையே படித்து நிரப்பச் சொன்னவரின் யோசனை. வரைபடங்களைச் சேமிக்கும் வாட் (WAD) கோப்பின் உள்ளடக்க அட்டவணையில் ஈ1எம்1 (E1M1) போன்ற வரைபடப் பெயர்கள் இருந்தால் 1993இல் வந்த முதல் டூம், மேப்01 போன்றவை இருந்தால் டூம் 2 என்று பிரிக்கலாம் என்பதை, மாதிரிக் கோப்புகளோடும் தாளில் வரைந்த திரை அமைப்போடும் அனுப்பினேன், அப்படியே செய்துவிட்டார்கள்.

எதிர்பாராத சிக்கல் ஒன்று முளைத்தது. ஹெரெடிக் விளையாட்டும் ஈ1எம்1 என்றே பெயரிடுகிறது, ஹெக்சனோ மேப்01 என்கிறது. ஆகவே அவற்றின் வரைபடங்களும் டூம் பட்டியலுக்குள் புகுந்துவிட்டன. இப்போது ஊகித்து நிரப்பிய பதிவுகளில் ‘தானாக நிரப்பப்பட்டது’ என்ற குறிப்பு தெரிகிறது (எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம்). அதைச் சொடுக்கினால் எவரும் திருத்தம் அனுப்பலாம்.