பத்தாயிரம் ரூபாய்க்குள் இரைச்சல் நீக்கும் ஹெட்போன்: வாங்கலாமா?

கோடம்பாக்கத்தான்:
வீட்டிலிருந்து வேலை செய்பவன். பிரதான சாலையை ஒட்டிய வாடகை வீடு. பகல் முழுக்க பஸ், லாரி உறுமல். தலைக்கு மேல் மின்விசிறி. சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சித் தொடர்கள். காதை முழுதாக மூடும் வகையில் இரைச்சல் நீக்கும் ஹெட்போன் தேடுகிறேன். பத்தாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை. கண்ணாடி அணிகிறேன். இரைச்சல் குறைப்பு மலிவானதன் பெட்டியிலும் '40 டெசிபல் வரை', விலை கூடியதன் பெட்டியிலும் '40 டெசிபல் வரை' என்றே போட்டிருக்கிறது. அப்படியானால் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

ஒலிவாங்கி:
அந்த 40 என்பது ஏதோ ஓர் அதிர்வெண்ணில், அதாவது ஒரு குறிப்பிட்ட சுருதியில், எட்டிய உச்சம். மற்ற இடங்களில் எவ்வளவு என்று பெட்டி சொல்லாது. மைக் வெளியொலியைப் பிடிக்கிறது, உள்ளே இருக்கும் சிப் அதற்கு நேரெதிரான அலையை உருவாக்கி ஸ்பீக்கர் வழியே விடுகிறது, இரண்டும் மோதி அடங்குகின்றன. உறுமல் போன்ற தாழ்ந்த சுருதியுள்ள, சீரான ஒலிக்குத்தான் இந்தக் கணக்கு ஒழுங்காக வரும். சுருதி ஏறி, ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் அலை குறுகிவிடுகிறது. நூலிழை பிசகினாலும் பயனில்லை. அங்கே உங்களைக் காப்பாற்றுவது காதைச் சுற்றியிருக்கும் மெத்தைதான்.

விலைக்கான வேறுபாடு மைக்குகளில் இருக்கிறது. மலிவானவை பலவற்றில் வெளிப்பக்கம் மட்டுமே மைக். உள்ளேயும் மைக் இருந்தால், காதுக்குள் எஞ்சிய இரைச்சலையும் பார்த்துத் திருத்தும். சோனியின் டபிள்யூஹெச்-சிஹெச்720என் அப்படிப்பட்டது. 2023இல் இங்கே ரூ.9,990க்கு வந்தது. எடை 192 கிராம், இரைச்சல் நீக்கத்துடன் 35 மணி நேரம் ஓடும் என்கிறார்கள். என் வாக்கு அதற்கே.

சிக்கனசிகாமணி:
ஒலிவாங்கி சொன்னதையே வைத்து அவரை மறுக்கிறேன். பேச்சில் சொற்களைப் பிரித்துக் காட்டுபவை மெய்யொலிகள். அவற்றின் பெரும்பகுதி 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. ஆகவே இந்தக் கருவி பஸ் உறுமலையும் விசிறியின் முனகலையும் துடைத்துவிட்டு, பக்கத்து வீட்டு மாமியார் மருமகள் சண்டையை முன்பைவிடத் தெளிவாகக் காதில் போடும். இவ்வளவு நாளும் அதை ஓரளவு மூடி வைத்திருந்ததே அந்த விசிறிதான்!

போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸுக்கு இந்த யோசனை 1978இல் விமானப் பயணத்தில் தோன்றியது. அவருடைய நிறுவனம் 1989இல் முதலில் விற்றதும் விமானிகளுக்கான கருவி. என்ஜினுக்காகப் பிறந்த ஒன்றைத் தொலைக்காட்சித் தொடருக்கு மருந்தாகக் கேட்கிறீர்கள். தொழிற்சாலைகளில் அணியும் காதுமூடி ஆயிரம், இரண்டாயிரத்துக்கே கிடைக்கிறது. சார்ஜ் வேண்டாம், செயலி வேண்டாம். உள்ளே சாதாரண இயர்போன் செருகிக்கொண்டால் பாட்டும் கேட்கலாம். மிச்சப் பணத்துக்கு நல்ல நாற்காலி வாங்குங்கள்.

ஒலிவாங்கி:
காதுமூடியை மே மாதச் சென்னையில் எட்டு மணி நேரம் அணிந்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பதால்தான் அது ஒலியைத் தடுக்கிறது. கண்ணாடிக் காம்பு நடுவில் புகுந்தால் அழுத்தமும் வலிக்கும், இடைவெளியும் விழும். தாழ்ந்த உறுமலைத் தடுப்பதிலும் அது அவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டாது. கேட்டவரின் முதல் புகாரே பஸ், லாரி.

சிக்கனசிகாமணி:
கண்ணாடிக் காம்பு உங்கள் சோனிக்கு மட்டும் வழிவிட்டு ஒதுங்கி நிற்குமா?

இரண்டாம்கை:
இருவரும் புதியதையே பேசுகிறீர்கள். 2020இல் வந்த சோனி டபிள்யூஹெச்-1000எக்ஸ்எம்4 அந்தக் காலத்தின் உச்சியில் இருந்த ஒன்று. பழையது பத்தாயிரத்துக்குள் படிந்தால் புதிய நடுத்தர வகையை எல்லாம் தாண்டும். மெத்தை தேய்ந்திருந்தால் மாற்றுமெத்தை கிடைக்கிறது, வீட்டிலேயே மாட்டலாம்.

வெயில்மனிதன்:
மெத்தையை மாற்றலாம், பேட்டரியை? நானும் இப்படித்தான் விலையுயர்ந்த பழைய ஹெட்போன் ஒன்றை வாங்கினேன். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. விற்றவர் நாள் முழுவதும் நிற்கும் என்றார்; எனக்கு மதியச் சாப்பாட்டுக்குள் அணைந்தது. உத்தரவாதம் இல்லை, பில் இல்லை, அவருடைய தொலைபேசி எண்ணும் விரைவிலேயே உயிரோடு இல்லை. இன்னொருவர் வியர்வை ஊறிய மெத்தையை முதல் நாளே கழற்றி எறியவும் வேண்டியிருந்தது.

இரண்டாம்கை:
பில் இல்லாமல் வாங்கியது உங்கள் விருப்பம். நேரில் போய் முழு சார்ஜிலிருந்து ஓடவிட்டுப் பார்த்து, பில்லைக் கையில் வாங்கிக்கொண்டு காசு கொடுப்பவர்களும் உண்டு.

செவிநலம்:
ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. இரைச்சலுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டும் என்று நாம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 ஆனால் 4 மணி நேரம்தான். அடியில் இருக்கும் உறுமல் போய்விட்டால் தாழ்த்திக் கேட்கலாம். எனக்கு இரைச்சல் நீக்கம் பிடிப்பது இதற்காகத்தான், அமைதிக்காக அல்ல.

சிக்கனசிகாமணி சொன்ன தொலைக்காட்சித் தொடர் பிரச்சினை உண்மை. ஆனால் அதற்கு வழி இருக்கிறது: இரைச்சல் நீக்கத்தைப் போட்டுவிட்டு, மிகத் தாழ்ந்த ஒலியில் மழைச் சத்தம் ஓடவிடுங்கள். பேச்சு அதில் கரைந்துவிடும்.

சிக்கனசிகாமணி:
பத்தாயிரம் கொடுத்து இரைச்சலை நீக்கிவிட்டு, பிறகு செயற்கையாக இரைச்சலை ஓடவிட வேண்டுமாம். விசிறியை இன்னும் வேகமாகச் சுழலவிட்டால் இலவசம்.

செவிநலம்:
விசிறியைத் தாழ்த்த முடியாது ஐயா, மழையைத் தாழ்த்தலாம்.

ஒலிவாங்கி:
விசிறி என்றதும் நினைவு வருகிறது. நேர் கீழே உட்காராதீர்கள். சில ஹெட்போன்களின் வெளி மைக்கில் காற்று பட்டாலே உள்ளே குமுறல் கேட்கும். இன்னொன்று, மலிவானவற்றில் 'ஈஎன்சி' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது நீங்கள் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு இரைச்சல் குறைவதற்கானது. உங்கள் காதுக்கு அதனால் எதுவும் இல்லை. உங்கள் காதுக்கு இரைச்சலை நீக்குவது 'ஏஎன்சி'. அது இருக்கிறதா என்று பாருங்கள்.

கோடம்பாக்கத்தான்:
நான் முதலில் சொன்ன மலிவானதன் பெட்டியை, மூவாயிரம் ரூபாய் அது, எடுத்துப் பார்த்தேன். ஈஎன்சிதான்! அது பட்டியலிலிருந்து நீங்கியது. பழையது வாங்கும் துணிச்சல் எனக்கு இல்லை. காதுமூடியா, சோனியா என்பதில்தான் இழுபறி.

சிக்கனசிகாமணி:
காதுமூடியை முதலில் வாங்குங்கள். போதவில்லை என்றால் நட்டம் ஆயிரம் ரூபாய். அதைத் தலைகீழாகச் செய்தால் நட்டம் பத்தாயிரம்.

ஒலிவாங்கி:
நட்டமே வேண்டாம். கடைக்குப் போய் உங்கள் கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள். பாட்டு ஓடவிடாமல் இரைச்சல் நீக்கத்தை மட்டும் போட்டு, அணைத்து, மறுபடி போடுங்கள். கடையின் குளிர்சாதன முனகல் மறைகிறதா என்று கேளுங்கள். காம்பை விரலால் சற்றுத் தூக்கிப் பார்த்து, அப்போது முனகல் குறைந்தால் மெத்தை உங்களுக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். இணையத்தில் வாங்குவதானால் விதியை முதலில் படியுங்கள். பழுதானால் மாற்றித்தருவோம் என்று மட்டும் சொல்லும் விற்பனையாளர்கள் பலர். பிடிக்கவில்லை என்றால் பணம் திரும்பாது.

கோடம்பாக்கத்தான்:
சனிக்கிழமை கடைக்குப் போகிறேன். காதுமூடியை இன்றே ஆர்டர் செய்துவிட்டேன்.