ஹைட்ரேட் உருவாகும் வெப்பநிலையைக் கணிக்க ஒப்படர்த்தி வரைபடம் போதுமா?

கேள்வி (வேதிப்பொறியியல் மாணவி):
வணக்கம். இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்காகக் கடலடி எரிவாயுக் குழாய் ஒன்றில் ஹைட்ரேட் (நீர் மூலக்கூறுகளாலான கூண்டுகளுக்குள் வாயு சிறைப்பட்டு உருவாகி, குழாயை அடைக்கக்கூடிய பனிக்கட்டி போன்ற படிகம்) எந்த வெப்பநிலையில் உருவாகும் என்று கணக்கிட்டுக்கொண்டிருக்கிறேன். அழுத்தம் 80 பார், கடலடி நீரின் வெப்பநிலை 6 டிகிரி செல்சியஸ். வாயுவில் மீத்தேன் 88, கார்பன் டை ஆக்சைடு 10, ஈத்தேன் 1, நைட்ரஜன் 1 மோல் விழுக்காடு, ஒப்படர்த்தி (காற்றோடு ஒப்பிட்ட அடர்த்தி) 0.66. ஒப்படர்த்தியையும் அழுத்தத்தையும் வைத்து விடை தரும் காட்ஸ் வரைபடத்தின்படி ஏறத்தாழ 18 டிகிரியிலேயே ஹைட்ரேட் உருவாகும். தனி மீத்தேனுக்கோ 11 டிகிரிதான். ஹைட்ரேட்டைத் தடுக்கச் சேர்க்கும் மெத்தனாலின் அளவைத் தரும் ஹாமர்ஷ்மிட் சமன்பாட்டில் இட்டால், முதல் விடைக்கு நீரில் 23 எடை விழுக்காடு மெத்தனாலும் இரண்டாவதற்கு 11 விழுக்காடும் தேவைப்படுகின்றன. எதை நம்புவது?

மறுமொழி 1:
வணக்கம். வரைபடம் உங்கள் வாயுவைத் தவறாகப் புரிந்துகொள்கிறது. 1940களில் வந்த அந்த வரைபடம், ஒப்படர்த்தி கூடினால் புரொப்பேன், பியூட்டேன் போன்ற கனமான ஹைட்ரோகார்பன்கள் கூடியிருக்கும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. உங்கள் வாயுவைக் கனமாக்குவது கார்பன் டை ஆக்சைடு. அது எடைக்கேற்ற அளவில் ஹைட்ரேட்டைத் தூண்டுவதில்லை. ஆகவே உண்மையான விடை 11 டிகிரியைவிடச் சற்றே மேலே இருக்கும் என்பது என் கணிப்பு.

இதே ஒப்படர்த்தி புரொப்பேனால் வந்திருந்தால் கதையே வேறு. 0 டிகிரியில் மீத்தேன் ஹைட்ரேட்டுக்கு ஏறத்தாழ 26 பார் வேண்டும். புரொப்பேனுக்கு 2 பார்கூடத் தேவையில்லை. ஒரு விழுக்காடு புரொப்பேன் கலந்தாலே படிக அமைப்பு முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறி, தேவையான அழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டாம் வகையின் பெரிய கூண்டுகளில் புரொப்பேனும், அது நுழைய முடியாத சிறிய கூண்டுகளில் மீத்தேனும் அமர்ந்துகொள்வதே காரணம். ஹைட்ரஜன் சல்ஃபைடும் இப்படித்தான் மிக வலுவாகத் தூண்டும். வாயுப் பகுப்பாய்வு அறிக்கை கையில் இருக்கும்போது ஒப்படர்த்தியை மட்டும் வைத்து முடிவெடுப்பது, எனக்குத் தெரிந்தவரை, எந்த வடிவமைப்பிலும் ஏற்கத்தக்கதல்ல.

மறுமொழி 2:
மேலே சொன்னதை முழுதும் ஏற்கிறேன். வாயுவின் இயைபை (அதில் எது எவ்வளவு என்பதை) கணக்கில் எடுக்கும் முறைக்கு அடித்தளம் 1959இல் வான் டெர் வால்ஸும் பிளாட்டியூவும் வகுத்த மாதிரி: ஹைட்ரேட்டில் உள்ள நீரின் வேதி நிலையாற்றல் (chemical potential), திரவ நீரின் வேதி நிலையாற்றலுக்குச் சமமாகும் புள்ளியே ஹைட்ரேட் உருவாகும் எல்லை. 1972இல் பாரிஷும் பிராஸ்னிட்ஸும் அதைப் பொறியாளர்கள் கணினியில் போடும் வடிவுக்குக் கொண்டுவந்தனர். உங்கள் கல்லூரியில் உள்ள செயல்முறை மென்பொருளிலேயே இது இருக்கக்கூடும். இரு படிக அமைப்புகளையும் தனித்தனியே கணக்கிட்டு, அதிக வெப்பநிலையிலேயே உருவாகக்கூடியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மெத்தனால் குறித்து ஓர் எச்சரிக்கை: நீங்கள் கண்ட விழுக்காடு குழாயில் உள்ள நீருக்கு மட்டுமே உரியது. செலுத்தும் மெத்தனாலில் ஒரு பகுதி ஆவியாகி வாயுவோடு போய்விடும். திரவ ஹைட்ரோகார்பன் இருந்தால் அதிலும் கரையும். அந்த இழப்பைச் சேர்த்தால்தான் செலுத்த வேண்டிய அளவு கிடைக்கும். தவிர, மெத்தனால் 25 விழுக்காட்டை நெருங்கும்போதே ஹாமர்ஷ்மிட் சமன்பாட்டின் நம்பகத்தன்மை குறையத் தொடங்குகிறது.

மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. பகுப்பாய்வில் புரொப்பேனோ ஹைட்ரஜன் சல்ஃபைடோ இல்லை. இயைபு முறையில் மீண்டும் கணக்கிடுகிறேன். 80 பாருக்கு மட்டும் கணக்கிட்டால் போதுமா?

மறுமொழி 1:
போதாது. ஓட்டம் நின்றால் குழாய் முழுவதும் 6 டிகிரிக்குக் குளிரும். அழுத்தமோ கிணற்றுத்தலையின் மூடிய அழுத்தத்தை (கிணறு அடைபட்டிருக்கும்போது அங்கே நிலவும் அழுத்தத்தை) நோக்கி ஏறக்கூடும். குளிரும் உயர் அழுத்தமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2010 மே மாதம் மெக்சிகோ வளைகுடாவில் ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் எண்ணெய்க் கசிவின் மேல் கவிழ்த்த எஃகுக் கூண்டு ஹைட்ரேட்டால் அடைபட்டது. அங்கே நீரின் அழுத்தம் ஏறத்தாழ 150 பார்; 4 டிகிரியில் மீத்தேனுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 40 பார்தான். மூடிய நிலை அழுத்தத்துக்கும் ஒரு முறை கணக்கிட்டு, மெத்தனால் அளவை அதிலிருந்தே முடிவு செய்யுங்கள்.