வீரை மரத்து ஓர்கிட்: நீல உதடு படத்தில் ரோஸாக வருகிறது, உதவி தேவை

வாவிக்கரை:
மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு குளக்கட்டோரம் கிழட்டு வீரை மரம் ஒன்று நிற்கிறது. அதில் இரண்டு ஆள் உயரத்தில், கிளைக் கவட்டில், ஓர்கிட் ஒன்று இப்போது பூத்திருக்கிறது. பூ ஒன்று ஐந்து சென்றிமீற்றர் அளவு வரும். இதழ்கள் மஞ்சள் கலந்த பச்சை, அதன் மேல் மண்ணிறக் கோடுகள் சாரத்துக் கட்டம் போலக் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன, பின்பக்கம் வெள்ளை. நடுவில் உதடு போல நீட்டிக்கொண்டிருக்கும் இதழ் (உதடு என்பார்கள்) மட்டும் நல்ல நீலம், கிட்டப் போனால் வாசமும் இருக்கிறது. ஆனால் படத்தில் அந்த நீலம் ரோஸ் கலந்த ஊதாவாகத்தான் விழுகிறது. வானம் வெள்ளையாக வெளிறிப் போக, பூ கறுத்துப் போகிறது. உதட்டுக்கு ஃபோகஸ் வைத்தால் இதழ் மங்கல், இதழுக்கு வைத்தால் உதடு மங்கல். கையில் இருப்பது பழைய கெனன், 18-55, 55-250 லென்ஸ் இரண்டு. போனிலும் எடுத்துப் பார்த்தேன், நிறம் அதைவிட மோசம்.

இது என்ன இனம் என்றும் சொன்னால் நல்லது. ஊரில் கேட்டால் எல்லோரும் குருவிச்சை என்கிறார்கள். கச்சான் காற்று (கோடையில் வீசும் தென்மேல் காற்று) தொடங்குவதற்குள் இன்னும் சிலதைத் தேடிப் பிடிக்க ஆசை, எங்கே பார்ப்பது?

பொத்துவில் பக்கம்:
தம்பி, குருவிச்சை இல்லை. குருவிச்சை மரத்துக்குள்ளே வேரை இறக்கி அதன் சாற்றைக் குடித்து வாழ்வது. ஓர்கிட் மரத்தை ஏறி இருக்க ஓர் இடமாக மட்டும்தான் வைத்திருக்கிறது, தண்ணீரையும் சத்தையும் மழையிலிருந்தும் பட்டையில் சேரும் தூசி, சருகிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். வேரைப் பாருங்கள், பட்டைக்கு வெளியே விரல் தடிப்பில் ஒட்டிக்கொண்டு ஓடும், காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம், ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் பச்சையாகிவிடும். குருவிச்சையில் இதெல்லாம் இல்லை.

நீங்கள் சொல்லும் கட்டமும் நீல உதடும் வாசமும் வாண்டா டெசலாட்டாவுக்குப் பொருந்துகிறது. உறுதியாகச் சொல்ல இலை நுனி தேவை. வார் போல நீண்ட இலை, நடுவில் வாய்க்கால் மாதிரி மடிந்து, நுனி கடித்துத் துப்பியது போல ஒழுங்கில்லாமல் இருக்கிறதா? பூவைப் பக்கவாட்டிலும் ஒரு படம் எடுங்கள், உதட்டுக்குப் பின்னால் இருக்கும் குழலின் நீளமும் வளைவும் அதில்தான் தெரியும். முன்னாலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு இனம் சொல்லச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், உங்களைச் சொல்லவில்லை.

ஸ்டூடியோ காக்கா, கல்முனை:
நிறத்துக்கு நான் வருகிறேன். கமராவில் ஒன்றும் கோளாறு இல்லை. மரத்துக்குக் கீழே விழும் வெளிச்சம் இலையால் வடிந்து பச்சையாகத்தான் வரும். ஓட்டோ வைட் பேலன்ஸ் (கமரா தானாக நிறத்தைச் சமன் செய்வது) அந்தப் பச்சையை அடிக்கப் பார்த்து எதிர்ப்பக்க நிறமான ரோஸை அள்ளிக் கொட்டும். மற்ற நிறத்தில் அது பெரிதாகத் தெரியாது, நீலத்தில் உடனே தெரியும். கலியாண வீட்டில் மாமரத்துக்குக் கீழே நீலச் சேலை கட்டியவரை எடுத்துவிட்டு, சேலை ஊதா ஆகிவிட்டதென்று ஏச்சு வாங்காத படக்காரர் இந்தக் கரையோரம் யாரும் இல்லை.

வைட் பேலன்ஸை வெயில் குறியில் வையுங்கள், அல்லது கெல்வின் 5200. ஜேபெக் வேண்டாம், ரோவில் (கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் RAW கோப்பில்) எடுங்கள், வீட்டுக்கு வந்து ஆறுதலாகத் திருத்தலாம். ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டைப் பூ இருக்கும் அதே வெளிச்சத்தில் பிடித்து முதலில் ஒரு படம் எடுத்து வைத்தால் திருத்துவது இன்னும் சுகம்.

வானம் வெளிறுவதற்கு நல்ல மருந்து இடத்தை மாற்றுவது. பூவுக்குப் பின்னால் வானம் வராமல் அடிமரமோ இலைக்கூட்டமோ வருகிற கோணத்தைச் சுற்றி நடந்து தேடுங்கள். கிடைக்கவே இல்லை என்றால் கமராவோடு வரும் ஃப்ளாஷைத் திறந்து, முன்னால் ஒரு டிஷ்யூவை ஒட்டி, சக்தியை -1 க்கு இறக்கி, வேகத்தை 1/200 இல் வைத்து அடியுங்கள். ஃப்ளாஷ் பிடிக்காதென்றால் எக்ஸ்போஷரை +1 ஏற்றுங்கள், வானம் போனால் போகட்டும், நாம் போனது பூவுக்கு.

ஃபோகஸ்: 55-250 ஐப் போடுங்கள், 250 இல் வைத்து, லென்ஸின் துளையைச் சுருக்கி f/11. அந்த லென்ஸ் ஒரு மீற்றர் சொச்சத்துக்குக் கிட்ட ஃபோகஸ் பிடிக்காது, உங்களுக்கோ மரம் உயரம், அதனால் பிரச்சினை இல்லை. பூவின் முகம் கமராவுக்கு நேராக இருக்கும்படி நின்றால் இதழும் உதடும் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் வரும், f/11 மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கீழேயிருந்து அண்ணாந்து எடுத்தால் எந்த லென்ஸாலும் முடியாது. குளக்கட்டில் நெல் மூடை ஏற்ற ட்ரக்டர் வரும்தானே, பெட்டியில் ஏறி நிற்கக் கேட்டுப் பாருங்கள், நாலடி கிடைக்கும். போனில் எடுப்பதென்றால் மெக்ரோ மோட் வேண்டாம், பல போன்களில் அது அகல லென்ஸுக்குத் தாவிவிடும். 2 அல்லது 3 மடங்கு லென்ஸில் வைத்து, பூவில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு எடுங்கள்.

வாவிக்கரை:
காக்கா, பொத்துவில் அண்ணன், இரண்டு பேருக்கும் நன்றி. இலை நுனி அண்ணன் சொன்னபடியேதான், கடித்த மாதிரி. குழல் குட்டை. ட்ரக்டர் யோசனை அருமை, நமது ஒழுங்கைக்காரர் ஒருவரிடம் இருக்கிறது. ஆனால் அவர் சொல்கிறார், எதற்கு இந்தப் பாடு, கிளையோடு வெட்டித் தருகிறேன், வீட்டு மாமரத்தில் பொச்சு மட்டை வைத்துக் கட்டு, வருடா வருடம் வாசலிலேயே படம் எடுக்கலாம் என்று. வெட்டினால் பிழைக்குமா?

பொத்துவில் பக்கம்:
பிழைக்கிறதோ இல்லையோ, வெட்ட வேண்டாம். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பட்டியலில் காட்டு ஓர்கிட்கள் பல இருக்கின்றன. உலக வர்த்தகத்துக்கான சைட்டீஸ் உடன்படிக்கையிலோ ஓர்கிட் குடும்பம் முழுவதுமே ஏதாவதொரு பட்டியலில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். ஒரு காயில் விதை எண்ணிக்கைக்கு அடங்காமல் தூள் தூளாக இருக்கும், ஆனால் அந்தத் தூளுக்குள் உணவே இல்லை. விழுந்த பட்டையில் அதற்கு ஏற்ற பூஞ்சணம் இருந்து ஊட்டினால்தான் முளைக்கும். கிழட்டு மரத்தில் அது இருக்கும், உங்கள் வீட்டு மாமரத்தில் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. இருக்கிற செடியைக் கழற்றிவிட்டால் அந்தக் குளக்கட்டில் அடுத்தது வர எத்தனை காலமோ.

காற்றில் கிளை முறிந்து கீழே கிடந்தால் மட்டும், அங்கேயே பக்கத்து மரத்தில் நிழல் பக்கமாகச் சணல் கயிற்றால் கட்டிவிடுங்கள். நைலோன் வேண்டாம், வேரை அறுக்கும்.

அம்பாறை டீச்சர்:
தேடுவதைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. மகன், பூவைத் தேடாதீர்கள், செடியைத் தேடுங்கள். பூ சில கிழமைதான், இலையும் வேரும் வருடம் முழுக்க அங்கேதான். பைனாகுலர் ஒன்று இருந்தால், வெட்டுப்படாத பழைய மரங்களின் தடித்த கிளைகளை, அதுவும் கரடு முரடான பட்டை உள்ளவற்றை, மேலிருந்து கீழாகப் பாருங்கள். வெள்ளி வேர் வெயிலில் பளிச்சென்று காட்டும். கோயில் மரங்களை ஒருவரும் வெட்டமாட்டார்கள், அதனால் தாந்தாமலை, உகந்தை மாதிரி இடங்களில் கண்ணை மேலே வைத்துக்கொண்டு நடந்தால் ஏதாவது அகப்படும். ஆற்றோர மருத மரமும் நல்லது, தண்ணீர்ப் பக்கம் காற்றில் ஈரம் நிற்கும். தடித்த இலைக் கற்றை கவட்டிலிருந்து எழும்பி, பூங்கொத்து மட்டும் கீழே தொங்கினால் சிம்பிடியம். பற்றையில் படர்ந்து ஏறி மஞ்சளாகப் பூத்தால் முன்பு வாண்டா ஸ்பதுலாட்டா என்று எழுதிய இனம், இப்போது தப்ரோபனியா என்கிறார்கள். நிலத்தில் முளைக்கும் ஹபெனாரியாவை இப்போது தேடி அலைய வேண்டாம், அது மாரி மழையோடு வருவது.

தனியாகப் போகாதீர்கள். கோடை ஏற ஏற, காட்டுக்குள் தண்ணீர் வற்றி, யானை குளத்துக்குத்தான் இறங்கும், உன்னிச்சைப் பக்கமானாலும் லகுகலைப் பக்கமானாலும் அதே கதை. மேலே பார்த்து நடக்கிறவருக்கு முன்னால் நிற்பது தெரியாது. விடிய வெளிச்சம் நன்றாக வந்த பிறகு போய், வெயில் ஏறுமுன் திரும்புங்கள். குமண, கல்லோயா பூங்காக்களுக்குள் என்றால் அனுமதிச் சீட்டு எடுத்து, ஜீப்பை விட்டு இறங்காமல் எடுப்பதுதான்.

இன்னொன்று. படத்தைப் போடும்போது குளத்தின் பெயரை எழுதாதீர்கள், இப்போது எழுதாதது நல்லது. போன் படத்துக்குள் இடக்குறிப்பு பதிந்திருக்கும், வட்ஸ்அப்பில் டொக்கியுமென்டாக அனுப்பினால் அதுவும் சேர்ந்து போய்விடும். செடி, விலங்குப் பதிவுகளைப் போடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் இடத்தை மறைக்கும் தெரிவைப் போடுங்கள். வாண்டாவைச் சாக்கில் கட்டிக்கொண்டு போக ஆள் இருக்கிறது.

காட்டுக்கோழி:
அப்படியே இதையும் கேட்கிறேன், வெசாக் பூ என்கிற ஓர்கிட் நமது பக்கம் கிடைக்காதா?

அம்பாறை டீச்சர்:
இல்லை. அது டென்ட்ரோபியம் மக்கார்த்தியே, இலங்கைக்கு மட்டும் உரியது, ஈரவலயக் காட்டுச் செடி. மே மாத அளவில் பூப்பதால் அந்தப் பெயர். இங்கே பார்த்தேன் என்று யாராவது சொன்னால் அது தோட்டத்தில் வளர்த்ததாக இருக்கும்.

வாவிக்கரை:
இன்று விடிய ட்ரக்டர் பெட்டியில் ஏறி எடுத்தேன். வெயில் குறி, ரோ, f/11, பின்னால் அடிமரம். நீலம் நீலமாகவே வந்திருக்கிறது, உதட்டில் இருக்கும் மெல்லிய வரிகூடத் தெரிகிறது. 8 மணிக்குப் பிறகு காற்று ஏறிப் பூந்தண்டு ஆடத் தொடங்கிவிட்டது, அதன் பிறகு எடுத்ததெல்லாம் வீண். ஆட்டத்துக்கு என்ன செய்வது? அப்புறம், அதே மரத்தின் மறுபக்கத்தில் இன்னொன்று: இலை தட்டை இல்லை, பென்சில் மாதிரி உருண்டை, கொத்தாக நிற்கிறது, பூவைக் காணவில்லை.

ஸ்டூடியோ காக்கா, கல்முனை:
ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளியுணர்வை) 1600 க்கு ஏற்றி வேகத்தை 1/500 ஆக்குங்கள், ஃப்ளாஷை மூடிவிடுங்கள். தண்டு ஒரு பக்கம் போய்த் திரும்புகிற இடத்தில் ஒரு கணம் நிற்கும், அங்கே தொடர் படமாக அழுத்துங்கள். பத்தில் ஒன்று தேறும்.

பொத்துவில் பக்கம்:
உருண்டை இலை என்றால் லூயிசியா என்ற ஓர்கிட்டாக இருக்க வேண்டும். பூவை மேலே தேடாதீர்கள், தண்டும் இலையும் சேரும் மூட்டில் பாருங்கள். சிறிதாக, பச்சைக்குள் கரும் ஊதா உதட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், கீழேயிருந்து பார்த்தால் காய்ந்த சருகு என்றே நினைப்பீர்கள். ட்ரக்டர்காரரிடம் நாளைக்கும் கேளுங்கள்.