புறாத்தீவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர்?

கடலடி:
திருகோணமலை நிலாவெளிக் கரைக்கு ஒரு கிலோமீற்றர் தள்ளிக் கடலில் இருக்கிறது புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்கா ஆனது. 1998இல் கடல் சூடேறி தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவைப் பக்கம் முருகைக்கல் (பவளப்பாறை) வெளுத்துச் செத்தபோது இது தப்பியது. தப்பியதை இப்போது மிதித்து உடைக்கிறோம். நீந்தத் தெரியாதவர் லைஃப் ஜாக்கெட்டோடு இறங்கி, களைத்ததும் மான்கொம்பு முருகைமேல் ஏறி நிற்கிறார். ஒடிந்த கொம்பு அலையில் உருண்டு பக்கத்தில் இருப்பதையும் தேய்க்கிறது. அந்த இடத்தில் பாசி ஏறினால் புதிதாக எதுவும் ஒட்டாது. ஆட்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேண்டும். சீசனில் சில வாரமாவது மூட வேண்டும்.

நிலாவெளியான்:
மூடச் சொல்வது லேசு தம்பி. வைகாசியிலிருந்து புரட்டாதி வரைதான் எங்களுக்கு உழைப்பு. வாடைக்காற்று தொடங்கினால் படகு கரையில்தான். யுத்தம், சுனாமி, ஈஸ்டர் குண்டு, கொரோனா என்று எத்தனை சீசன் போய்விட்டது! திருகோணமலைக் கடலில் டைனமைட் போட்டு மீன் பிடிப்பவர்களை முதலில் பிடியுங்கள். ஒரு வெடியில் போகிற முருகை எத்தனை பேர் மிதித்தாலும் போகாது.

கடலடி:
டைனமைட் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் அண்ணை. அதற்காக மிதிப்பதை விட்டுவிட முடியுமா?

திருமலைப் பெண்:
கரீபியனில் பொனேயர் என்றொரு சின்னத் தீவு. 1979இலேயே தீவைச் சுற்றிவர, 60 மீற்றர் ஆழம் வரை பூங்காவாக்கினார்கள். முருகைமேல் நங்கூரம் போடத் தடை, மிதவையில்தான் படகைக் கட்டலாம். 1992 முதல் சுழியோடிகளிடம் கட்டணம் வாங்கிப் பூங்காவுக்கே செலவழிக்கிறார்கள். புதிதாக வருபவருக்கு முதலில் விளக்கம், பிறகுதான் கடல். முழுதாக மூடாமலே இவ்வளவும் செய்தார்கள். நாங்களும் கரையிலேயே சொல்லிக்கொடுத்து, மிதக்கப் பழக்கி அனுப்பலாமே?

நிலாவெளியான்:
மிதவை, விளக்கம் இரண்டுக்கும் சம்மதம் தங்கச்சி. எண்ணிக்கைதான் பயம். பெரிய ஹோட்டல்கள் முன்கூட்டியே டிக்கெட்டை அள்ளிவிடும், ஒற்றைப் படகு வைத்திருப்பவன் பார்த்துக்கொண்டு நிற்பான்.

கடலடி:
அப்படியென்றால் டிக்கெட்டைப் படகுக்குப் படகு முறை வைத்துப் பிரிக்கட்டும். அப்படிக் கேட்டு நீங்கள் மனுப் போட்டால் நானும் கையெழுத்து வைக்கிறேன். எண்ணிக்கையை மட்டும் விடமாட்டேன். பொனேயரில் இறங்கப் பல இடங்கள் உண்டு. இங்கே எல்லோரும் இறங்குவது இரண்டு சின்னத் துண்டுக் கரையில். எவ்வளவு விளக்கம் கொடுத்தாலும் நெரிசலில் ஒருவர் கால் வைக்கத்தான் செய்வார்.

நிலாவெளியான்:
முறை எழுத்தில் வரட்டும், எண்ணிக்கையைப் பேசலாம். மூடுவதென்றால் புரட்டாதிக் கடைசியில் மூடுங்கள். ஆடி, ஆவணியில் ஒரு நாளும் விடமாட்டோம்.